அறிவியல் படிக்க எங்கே அனுப்புவது: ஐசரா, பக்கத்து ஊர் பி.எஸ்சி.யா?

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரமே எங்கள் துறை வாசலுக்குப் பெற்றோர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். சீட்டு கிடைக்குமா, கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்பவர்கள்தான் அதிகம். போன வருடம் மே மாதம் வந்த ஒருவர் வேறு மாதிரி கேட்டார். விசைத்தறி ஓட்டுகிறவர். மகளையும் கூட்டி வந்திருந்தார். அரசுப் பள்ளியில் பயோ-மேத்ஸ் படித்து நல்ல மார்க் வாங்கிய பெண்.

“டாக்டருக்கும் வேண்டாம், இன்ஜினீயரிங்கும் வேண்டாம்னுது சார். பிசிக்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. திருப்பதியில பெரிய இடம் ஒண்ணு இருக்காம், அதுக்குப் பரீட்சை எழுதப்போகுது. பிசிக்ஸ் இங்கயும்தான் இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே சொல்லுங்க.”

நான் அரசு கலைக் கல்லூரியில் இருபது வருடத்துக்கும் மேலாக இயற்பியல் நடத்துகிறவன். அன்றைக்கு அரைமணி நேரம் பேசி அனுப்பினேன். அவர்கள் போன பிறகுதான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று உறைத்தது. அதற்குப் பிறகு இதே கேள்வியோடு வந்தவர்களிடம் பேசிப் பேசி எனக்கே தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்ன திருப்பதிப் பெரிய இடம் ஐசர், அதாவது இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். ஏர்ப்பேடு பக்கம் இருக்கிறது. அடிப்படை அறிவியலுக்கென்றே மத்திய அரசு தொடங்கிய ஏழு நிறுவனங்களில் ஒன்று. 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் ஆரம்பித்து மொஹாலி, போபால், திருவனந்தபுரம் என்று போய், 2015இல் திருப்பதியும் 2016இல் ஒடிசாவின் பெர்ஹாம்பூரும் சேர்ந்தன. தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் திருப்பதியைவிடத் திருவனந்தபுரம் ஐசர்தான் பக்கம். பொன்முடி மலையடிவாரத்தில் விதுராவில் இருக்கிறது. எல்லாவற்றிலும் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த பி.எஸ்-எம்.எஸ். என்ற ஐந்து வருடப் படிப்பு உண்டு.

இந்த ஐந்து வருடத்தைக் கேட்டவுடன் பலர் பின்வாங்குகிறார்கள். “இங்கே மூணே வருஷம்தானே” என்கிறார்கள். மூன்று வருட பி.எஸ்சி.யோடு அறிவியல் முடிந்துவிடுவதில்லை. எம்.எஸ்சி. இரண்டு வருடம் சேர்த்தால் அதுவும் ஐந்துதான். கால அளவில் இரண்டும் ஒன்று. பி.எஸ்சி. பாதையில் மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு கதவு இருக்கிறது, அங்கே வண்டி மாறிக்கொள்ளலாம் என்பதுதான் வித்தியாசம். அந்தக் கதவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

5893

பி.எஸ்சி. இயற்பியல் படித்த யாரிடமும் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியின் அலைநீளம், 5893 ஆங்ஸ்ட்ராம். நியூட்டன் வளையச் சோதனையில் அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சோதனை அழகானது. சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு இளஞ்சிவப்பாகக் கசியும். ஐந்து பத்து நிமிடம் பொறுத்தால் மஞ்சளாக நிறையும். தட்டையான கண்ணாடியின் மேல் ஒரு குவிலென்ஸை வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மஞ்சளும் கறுப்புமாக வட்டத்துக்குள் வட்டம். குறுக்குக் கம்பியை ஒவ்வொரு கறுப்பு வளையத்தின் மேலும் கொண்டுபோய் நிறுத்தி ரீடிங் எடுக்க வேண்டும். திருகை ஒரே பக்கமாகத்தான் திருப்ப வேண்டும்; கொஞ்சம் தாண்டிவிட்டதே என்று பின்னால் திருப்பினால், திருகில் இருக்கும் தளர்வால் ரீடிங் தப்பாகும்; பேக்லாஷ் பிழை என்பது அதைத்தான். ஒரு சென்டிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறோம். பதினெட்டு வயதுப் பிள்ளை, தன் கையால், ஒளியின் அலைநீளத்தை அளக்கிறது. அறிவியல் படிக்க இதைவிட நல்ல ஆரம்பம் ஏது?

எங்கள் லேபில் நடப்பது வேறு. ஒரு விளக்குக்கு முன்னால் நான்கைந்து பேர் நிற்பார்கள். ஒருவர் பார்ப்பார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். கணக்குப் போட்டால் 6400 வரும். உடனே போன வருட ரெக்கார்டு நோட்டு எங்கிருந்தோ வந்துவிடும். ரீடிங் அங்கங்கே மாறும். கடைசி வரியில் 5890க்குப் பக்கத்தில் ஒரு விடை உட்கார்ந்திருக்கும். மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. 5893க்குப் பக்கத்தில் வந்தவர்களுக்குப் பல வருடம் அதிக மார்க் போட்டவன் நான். 6400 வந்ததை மறைக்காமல் எழுதி, ஏன் வந்தது என்று யோசித்த பிள்ளைக்குக் குறைத்துப் போட்டிருக்கிறேன். விடை முன்பே தெரிந்த சோதனையில் நேர்மைக்கு இடமில்லாமல் போகிறது என்பது எனக்குப் புரிய நாளாயிற்று.

புரிய வைத்தது ஒரு மாணவி. சில வருடங்களுக்கு முன்பு, இரண்டாமாண்டு முடித்த கோடையில் பெங்களூரில் ஓர் ஆய்வகத்துக்கு எட்டு வாரம் போய்வந்தார். திரும்பி வந்த அன்று அவரிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். கருவி பெயர்களைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அங்க ரீடிங் எடுத்ததும் அப்படியே நோட்டுல எழுதச் சொன்னாங்க சார். சரியா தப்பான்னு கேட்டேன். எங்களுக்கும் தெரியாதேன்னு சொல்லிட்டாங்க” என்றார்.

கல்லூரிகளை ஒப்பிட எனக்கு இப்போது இருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான். விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியின் முன்னால் உங்கள் பிள்ளை எத்தனையாவது வருடத்தில் நிற்கும்? கட்டடம், தரவரிசை, வளாக வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஐசரில் என்ன கிடைக்கிறது

ஐசரில் அந்த நாள் தானாக வருகிறது. யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியதில்லை. ஆரம்ப வருடங்களில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் எல்லாரும் படிக்க வேண்டும். அதன்பின் ஒரு பாடத்தில் ஊன்றலாம். ஐந்தாம் வருடம் முழுக்க ஓர் ஆய்வு. ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டி எழுதித் தர வேண்டும். பாடம் நடத்துகிறவரே ஆய்வு செய்கிறவர் என்பதால், கேட்டால் மூன்றாம் வருடத்திலேயே, சிலருக்கு அதற்கு முன்பே, ஆய்வகத்தில் இடம் கிடைக்கிறது. எங்கள் கல்லூரியில் ஆய்வு செய்ய ஆசைப்படும் ஆசிரியருக்கே வாரம் முழுக்க வகுப்பு, தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி. இதை மறைத்து ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை.

ஆனால் உள்ளே போவதும் உள்ளே நிற்பதும் தனித்தனி. நுழைவுத் தேர்வில் 60 கேள்வி, நான்கு பாடத்துக்கும் பதினைந்து பதினைந்தாக, மூன்று மணி நேரம். சரியானதற்கு 4, தவறுக்கு 1 குறையும். பயோ-மேத்ஸ் எடுத்தவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு விட்ட உயிரியலில் பதினைந்து கேள்வியைச் சந்திக்க வேண்டும். கேள்வித்தாள் தமிழில் கிடையாது. விண்ணப்பம் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டியே வந்து போய்விடும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு “ஐசர்னா என்ன சார்” என்று கேட்கிறவர்களுக்கு அந்த வருடக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஜனவரியிலேயே பிள்ளைகள் காதில் இதைப் போட்டுவையுங்கள்.

நிற்பது பற்றி. என் நண்பர் ஒருவரின் மகன் தமிழ்வழியில் படித்து இப்படி ஒரு மத்திய நிறுவனத்துக்குப் போனான். முதல் செமஸ்டரில் வகுப்பு முடிந்து அறைக்கு வந்ததும் குறிப்பேட்டை விரித்துவைத்து அகராதியோடு உட்காருவானாம். பக்கத்தில் இருந்தவர்கள் மூன்று வருடம் கோச்சிங் போனவர்கள். மிட்-செம்மில் இரண்டு பாடம் போயிற்று. திரும்பி வந்துவிடுகிறேன் என்று ராத்திரியில் அம்மாவிடம் அழுதிருக்கிறான். அவனைக் காப்பாற்றியது சீனியர்கள். தமிழ்நாட்டுப் பையன்கள் இரண்டு பேர், இரவு பத்து மணிக்கு மேல் மெஸ் மேசையில் உட்காரவைத்துக் கால்குலஸை முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் செமஸ்டரில் நிமிர்ந்துவிட்டான். எல்லாருக்கும் இப்படி இரண்டு சீனியர் வாய்ப்பதில்லை. அனுப்புகிற பெற்றோர் முதல் ஆறு மாதம் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

பணத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிற அளவுக்கு நிலைமை இல்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடத்துக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 கையில், 20,000 கோடை ஆய்வுக்கு. பிளஸ் டூவில் அந்தந்த வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்தில் வந்தவர்களுக்கானது. அறிவிப்புக்காக ஒவ்வோராண்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். அது ஐசர் மாணவருக்கு மட்டுமானதல்ல என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தவரும் வாங்கலாம். இது தவிர, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேர்கிறவர்களின் இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் மாநில அரசே ஏற்கும் என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எந்தெந்த நிறுவனம் என்ற பட்டியலைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள்.

ஐசர் தவிரவும் இடங்கள் உண்டு. புவனேஸ்வரத்தில் நைசர் என்கிற தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் 2011இல் தொடங்கிய நான்கு வருட பி.எஸ்., திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருட எம்.எஸ்சி. கணிதத்தில் உண்மையிலேயே பித்துள்ள பிள்ளை என்றால் சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சி.எம்.ஐ.யை (சென்னைக் கணிதவியல் நிறுவனம்) விசாரிக்காமல் விடாதீர்கள், கணிதவியலாளர் சி.எஸ்.சேஷாத்ரி உருவாக்கிய இடம், இந்தியாவில் கணிதம் படிக்க அதற்கு இணையாகச் சொல்லக்கூடியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். நுழைவுத் தேர்வு மிகக் கடினம். ஆனால் அதன் கேள்விகள் மனப்பாடத்தைக் கேட்பதில்லை, யோசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கின்றன. கோச்சிங் போகாத கிராமத்துப் பிள்ளைக்கு அது நியாயமான தேர்வு என்று நினைக்கிறேன்.

பக்கத்து ஊர் பி.எஸ்சி.

இப்போது எங்கள் பக்கம். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லை, மற்றவை சேர்த்தும் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக்கு வரும். பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். தமிழில் தேர்வு எழுதலாம். மூன்று வருடம் முடித்து பி.எட். போய் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். இதெல்லாம் சாதாரண விஷயமில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இவைதான் பிடிமானம்.

ஆனால் 5893 இங்கேதான் இருக்கிறது. இங்கே வெறுமனே வந்து, வகுப்பைக் கேட்டு, கைடு வாங்கிப் படித்து, ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்தால், விடை தெரியாத கேள்வி ஒன்றைக்கூடப் பார்க்காமல் முதல் வகுப்பில் தேறிப் போய்விட முடியும். அப்படித்தான் பெரும்பாலோர் போகிறார்கள். திறமையில் எந்தக் குறையும் இல்லாதவர்கள்.

அதனால்தான் பெற்றோரிடம் சொல்வேன்: ஐசரையும் ஊர்க் கல்லூரியையும் நேருக்கு நேர் வைத்து எடை போடாதீர்கள். ஒரு தட்டில் ஐசர். மறு தட்டில் பி.எஸ்சி.யோடு இரண்டு கோடை விடுமுறையும், எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வும் சேர்ந்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் தராசு ஓரளவுக்கு நிற்கும்.

கோடை

பல்கலைக்கழகத்துக்கு வெளியே கிடைக்கும் பயிற்சிகளில் நான் முதலில் வைப்பது மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகையை. பெங்களூரு, தில்லி, பிரயாக்ராஜில் இருக்கும் அகாடமிகள் அவை. தேர்வானால் நாட்டில் எங்காவது ஒரு விஞ்ஞானியிடம் எட்டு வாரம் வேலை. உதவித்தொகையும் பயணப்படியும் தருகிறார்கள். நுழைவுத் தேர்வு கிடையாது. மார்க், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், தான் என்ன செய்ய விரும்புகிறேன் என்று மாணவரே எழுதும் ஒரு சிறு குறிப்பு, அவ்வளவுதான். அந்தக் குறிப்பில்தான் எங்கள் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். இணையத்திலிருந்து நானோ தொழில்நுட்பம் பற்றி நான்கு வரி எடுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தன் லேபில், தன் ஊரில், தான் கண்டு திகைத்த ஒன்றைத் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதினாலும் அது நிற்கும்.

விண்ணப்பிக்கும் காலம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வாக்கில். மே மாதம் போக வேண்டியதற்கு நவம்பரிலேயே எழுத வேண்டும் என்பது எங்கள் கல்லூரிகளில் யாருக்கும் உறைப்பதில்லை. ஏப்ரலில் வந்து கேட்பார்கள். இன்னொரு சிக்கல், எங்கள் செமஸ்டர் தேர்வு மே வரை இழுக்கும், ஜூனில் கல்லூரி திறந்துவிடும். நடுவில் எட்டு வாரம் இருக்காது. துறைத்தலைவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வருகைப்பதிவுக்கு அனுமதி வாங்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் துறைத்தலைவர்களும் இருக்கிறார்கள். அப்போது பெற்றோர் நேரில் வந்து பேச வேண்டும். ஒரு மாத வகுப்பு போனால் ஈடுகட்டிவிடலாம், அந்த எட்டு வாரத்தை ஈடுகட்ட எங்களிடம் எதுவும் இல்லை.

இயற்பியல், வேதியியல், உயிரியலில் பட்டப்படிப்பின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களுக்கு மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004இலிருந்து நடத்தும் நியஸ் முகாம் இருக்கிறது. முகாமோடு விடாமல் சிலருக்கு ஆய்வுப் பணியும் தந்து தொடர்ந்து வரச் சொல்கிறார்கள். கணிதத்துக்கு எம்.டி.டி.எஸ்.; பேராசிரியர் எஸ்.குமரேசன் 1993இல் தொடங்கியது, நான்கு வாரக் கோடைப் பயிற்சி. அங்கே போய்வந்த எங்கள் கணிதத்துறை மாணவன் ஒருவன் சொன்னான், ஆசிரியர் விடையே சொல்ல மாட்டாராம். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். முதல் வாரம் வாயைத் திறக்கவே பயந்தவன், திரும்பி வந்தபின் எங்கள் வகுப்புகளில் கேள்வி கேட்க ஆரம்பித்தான். எம்.எஸ்சி. முதலாண்டு வந்துவிட்டால் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் கோடைப் பயிற்சிக்கும் எழுதிப்போடலாம். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நடத்துகிறார்கள்.

என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளை இவற்றோடு ஒரே வரிசையில் வைக்க மாட்டேன். அதன் இடம் வேறு. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்துவதை வீட்டில் இருந்தபடியே இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டித் தேர்வு எழுதலாம்; மொத்த மார்க்கில் கால்பங்கு வாரந்தோறும் செய்யும் பயிற்சிக்கணக்குக்கு, முக்கால்பங்கு தேர்வுக்கு. பல பாடங்களுக்குத் தமிழிலும் எழுத்துவடிவம் இருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்தில் குவாண்டம் இயந்திரவியலுக்குக் கிடைக்கும் அவசர அவசரமான இருபது வகுப்பை இது நன்றாக நிரப்புகிறது. ஆனால் கை அழுக்காகாது. திரையைப் பார்த்து யாரும் பேக்லாஷ் பிழையைக் கற்றுக்கொண்டதில்லை.

இங்கே ஒன்றை எரிச்சலோடு சொல்லியாக வேண்டும். இப்போது “இன்டர்ன்ஷிப்” என்ற பெயரில் ஒரு வியாபாரம் நடக்கிறது. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் கட்டினால் ஐந்து நாளில் வண்ண வண்ணமாக ஒரு சான்றிதழ். என் மாணவர்கள் சிலர் கூலிவேலை செய்யும் அப்பாவிடம் வாங்கி அதைக் கட்டியிருக்கிறார்கள். உண்மையான ஆய்வகம் மாணவரிடம் பணம் கேட்காது, பெரும்பாலும் பணம் தரும். ஏமாறாமல் இருக்க இந்த ஒரு விதி போதும்.

அந்தக் கதவு

பிப்ரவரியில் நடக்கும் ஜாம் தேர்வுதான் நான் சொன்ன மூன்றாம் வருடக் கதவு. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கு இதுதான் வழி, ஐ.ஐ.எஸ்சி.யிலும் ஐசர்களிலும் இருக்கும் ஒருங்கிணைந்த பிஎச்.டி. இடங்களுக்கும் இந்த மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். இயற்பியல், வேதியியல், கணிதம் உட்பட ஏழு பாடத்தில் நடக்கிறது. பதினெட்டு வயதில் ஐசர் கிடைக்காதவர் இருபத்தொன்றில் ஐ.ஐ.டி. வகுப்பில் போய் உட்காரலாம். எங்கள் மாதிரிக் கல்லூரிகளிலிருந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் செமஸ்டர் தேர்வில் கேட்பது “வருவி”, “விளக்குக”. ஜாம் கேட்பது ஒரு நிலைமையைக் கொடுத்து எண் என்ன வரும் என்று. சில கேள்விக்கு ஒன்றுக்கு மேல் சரியான விடை இருக்கும். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மார்க். கைடில் படித்த கையால் இதைத் தொட முடியாது. இரண்டாம் வருட ஆரம்பத்திலிருந்து தினமும் நான்கு கணக்கு, பழைய ஜாம் வினாத்தாள்களிலிருந்து போட்டால் போதும். மூன்றாம் வருட நவம்பரில் கோச்சிங் சேருவதால் பணம்தான் போகும்.

இந்தக் கதவு இருப்பதால்தான், ஐசருக்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. மருத்துவத்துக்கு அப்படி உட்காருவதில் ஒரு கணக்கு இருக்கலாம், ஏனென்றால் அங்கே இரண்டாவது கதவு இல்லை. அறிவியலில் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தை விளக்குக்கு முன்னால் கழிக்கட்டும்.

வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ்.கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். படித்து முடித்து அதே கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை உதவியாளராக இருந்தபோது, மதிய உணவு இடைவேளையில் மாணவர்களை உட்காரவைத்து இயற்பியல், கணிதம், வேதியியல் என்று எதைப் பற்றியும் பேசவிடுவாராம். அங்கிருந்துதான் கல்கத்தாவுக்குப் போனார். 1928இல் ராமன் விளைவைக் கண்ட சோதனைகளில் ராமனோடு இருந்தார். அந்த மதிய இடைவேளைக்கு எந்த நிதியும் எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. நாங்களும் புதன்கிழமைகளில் அப்படி உட்கார்ந்து பார்க்கிறோம். சில வாரம் பதினைந்து பேர் வருகிறார்கள், சில வாரம் மூன்று பேர். கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் துறைத்தலைவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: போன வருடம் உங்கள் மாணவர்கள் எத்தனை பேர் கோடையில் வெளி ஆய்வகத்துக்குப் போனார்கள்? பதில் பூஜ்யம் என்றால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். அரசுக் கல்லூரியா தனியாரா என்பதைவிட இது முக்கியம்.

ஆக, அந்த அப்பாவுக்கு இன்றைக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். ஐசரில் இடம் கிடைத்து, பிள்ளைக்கும் ஆசை இருந்தால் அனுப்பிவிடுங்கள். தூரம், பாஷை, சாப்பாடு எல்லாம் ஒரு வருடத்தில் சரியாகிவிடும். அது நேரே வேலைக்கு அழைத்துப்போகும் படிப்பு என்று மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் பிஎச்.டி. ஐந்தாறு வருடம் இருக்கிறது. மத்திய உதவித்தொகையில் தேர்வானால் ஆரம்பத்தில் மாதம் 37,000 ரூபாய் வரும், ஆனால் வீடு கட்டவோ தங்கை கல்யாணத்துக்கோ அந்தப் பணத்தை எதிர்பார்க்க முடியாது. மூன்று வருடத்தில் மகள் சம்பாதித்தே தீர வேண்டிய வீடு என்றால் ஊர்க் கல்லூரிதான் சரி, அதில் எந்தத் தாழ்வும் இல்லை. ஆசிரியராவதுதான் கனவு என்றாலும் இங்கேயே படிக்கட்டும். அறிவியல் பிடிக்கிறதா என்றே தெரியாத பிள்ளையை எங்கேயும் ஐந்து வருடத்துக்குக் கட்டிப்போடாதீர்கள்.

நாள்கணக்கில் ஒரு சங்கடம் வரும். அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு ஐசர் முடிவுக்கு முன்பே நடந்துவிடும். பயப்படாமல் சேருங்கள். பிறகு இடம் கிடைத்தால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம், பெரிய நஷ்டம் இல்லை. தனியார் கல்லூரியில் சேர்ந்தால் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியை எழுத்தில் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக்குழு விதி. பிடித்துவைத்தால் அந்த விதியை எடுத்துக் காட்டுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஐசர் கிடைக்கவில்லை. உயிரியலில் நன்றாகச் செய்திருந்தார், கணிதத்தில் நேரம் போதவில்லை என்றார். ஜூனில் எங்களிடம் சேர்ந்தார். இப்போது இரண்டாமாண்டு. போன மாதம் லேபில் அவர் முறை வந்தபோது வளையங்கள் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் முட்டை மாதிரி இழுத்துக்கொண்டிருந்தன. வழக்கமாக அந்தக் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்குக் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், லென்ஸை மாற்றிப் பார்த்தார். எதை மாற்றினால் கோணல் கூடவே நகர்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். மணி அடித்த பிறகும் விளக்கை அணைக்கவில்லை.

அகாடமிக்கு அவர் எழுதிய குறிப்பு நேற்று என் மேசைக்கு வந்தது. நானோவும் இல்லை, செயற்கை நுண்ணறிவும் இல்லை. ஒரு கண்ணாடி எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று அதைத் தொடாமலே சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினேன், பரிந்துரைக் கடிதத்தை இன்று காலை அனுப்பிவிட்டேன்.